வெயில் ஊரில் ஒரு கிராபிக்ஸ் கார்டு: செகண்ட் ஹேண்டில் வாங்கியதும் சூட்டோடு மல்லுக்கட்டியதும்

2023 பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு நான் வாங்கிய என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு (கணினியில் விளையாட்டுக் காட்சிகளைத் திரைக்கு வரைந்து தரும் பகுதி), எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடத் தொடங்கியபோது ஆடி பிறந்துவிட்டது. நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பொருளுக்காக, இடைப்பட்ட அந்த மாதங்களில் மேற்கொண்டு ஏறக்குறைய இருபதாயிரம் ரூபாய் கைவிட்டுப் போனது. பணம் போனதைவிட, என்ன கோளாறு என்று ஒருவராலும் தெளிவாகச் சொல்ல முடியாமல் கழிந்த வாரங்கள்தான் என்னை அதிகம் வாட்டின. மதுரையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஏசி இல்லாத அறையில் என் கணினி இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டுகளைச் சோதித்து வெளியிடப்படும் முடிவுகள் பெரும்பாலும் இருபது டிகிரியை ஒட்டிய, குளிரூட்டப்பட்ட அறைகளில் எடுக்கப்பட்டவை. சித்திரை மாதத்தில் இரவு பத்து மணிக்கும் 35 டிகிரிக்குக் கீழே இறங்காத ஓர் அறையில் அதே கார்டு எப்படி நடந்துகொள்ளும் என்பதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதே நிலையில் இருக்கும் இன்னொருவருக்குப் பயன்படட்டும் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கார்டைத் தேர்ந்தெடுத்த கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கணக்கு இன்றைக்கும் சரி என்றே நினைக்கிறேன். கார்டைத் தீர்மானிக்க வேண்டியது மானிட்டர். என்னிடம் இருந்தது 2560க்கு 1440 பிக்சல், 165 ஹெர்ட்ஸ் மானிட்டர். 1080 பிக்சல், 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 போன்ற 132 வாட் கார்டோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் செலவிடும் பணம் திரையில் தெரியாது. அடுத்ததாக மெமரியின் அளவையும் அது தரவைக் கொடுக்கும் வேகத்தையும் பார்க்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபி இருந்தாலும் அதன் மெமரி நொடிக்கு 360 ஜிபி வேகத்தில்தான் தரவைக் கொடுக்கும்; 10 ஜிபி மட்டுமே உள்ள 3080 அதே நொடியில் 760 ஜிபி கொடுக்கும். பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்கு மதர்போர்டோடு தரவு பரிமாற நான்கு பிசிஐ பாதைகள் மட்டுமே உண்டு என்பதால், மூன்றாம் தலைமுறை பிசிஐ போர்டில் போட்டால் அது கண்கூடாகத் தடுமாறும். என் ரைசன் 5 5600 ப்ராசசருக்கும் மானிட்டருக்கும் 3080 பொருத்தமாக இருந்தது. புதிதாக வாங்கினால் என் பணத்துக்கு 3060 அல்லது ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டிதான் கிடைக்கும் என்ற நிலையில், செகண்ட் ஹேண்டில் 3080 அதே விலைக்கு வந்து நின்றது.

அது ஏன் அந்த விலைக்கு வந்தது என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளைக் கணக்குப் போட வைத்து நாணயம் ஈட்டும் மைனிங் முறையைக் கைவிட்டது. அதுவரை இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தன. மைனிங் செய்தவர்கள் பெரும்பாலும் கோரின், அதாவது கார்டின் முக்கிய சிப்பின், மின்சாரத்தைக் குறைத்தே ஓட்டியிருப்பார்கள். ஆகவே சிப் கெட்டிருக்காது என்று விற்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் எத்தீரியம் மைனிங் முழுக்க முழுக்க மெமரியைப் பிழியும் வேலை. 3080இல் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி இயல்பிலேயே சூடு அதிகம். அந்தச் சூட்டை ஹீட்சிங்க் என்ற உலோகக் குளிர்விப்பானுக்குக் கடத்தும் மெத்தை போன்ற தெர்மல் பேடுகள், ஆண்டுக்கணக்கில் நூறு டிகிரிக்கு மேல் வெந்தால் எண்ணெயைக் கக்கி வறண்டுவிடும். மைனிங்கைத் தடுக்க 2021இல் கொண்டுவரப்பட்ட எல்ஹெச்ஆர் பதிப்பு என்றால் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். அந்தத் தடை 2022லேயே உடைக்கப்பட்டுவிட்டதால் அதையும் நம்பி வாங்க முடியாது.

சென்னையில் ஒரு கடையில் கார்டை வாங்கினேன். கடைக்காரர் என் கண் முன்னே ஒரு சோதனை மென்பொருளை ஓட்டிக் காட்டினார். ஏசி அறையில் கார்டின் வெப்பநிலை 66 டிகிரியில் நின்றது. "மைனிங்ல ஓடுன கார்டு இல்ல தம்பி, வெளிநாட்டுக்குப் போற பையன் வித்துட்டுப் போனது" என்று உறுதியாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, சர்க்யூட் போர்டின் ஓரங்களில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, அதில் நுண்ணிய தூசி அப்பியிருந்தது. கேட்டதற்கு, அது பேக்கிங்கில் பட்ட எண்ணெய் என்றார். தெர்மல் பேடுகள் கக்கிய சிலிகான் எண்ணெய்தான் அது என்பது மூன்று மாதம் கழித்து எனக்குப் புரிந்தது. பழைய கார்டு வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்: பின் தகட்டுக்கும் போர்டுக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபேன்களை விரலால் மெதுவாகச் சுற்றி, நிற்கும்போது உரசுகிறதா, இறக்கை ஆடுகிறதா என்று கவனியுங்கள். ஜிபியு-இசட் மென்பொருளில் சிப்பின் பெயரும் மெமரி அளவும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய சிப்புக்குப் புதிய பெயர் எழுதி விற்ற போலிகள் ஏராளமாக நடமாடியதால் அந்த மென்பொருளில் போலியைக் கண்டுபிடிக்கும் வசதியையே சேர்த்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் எடுத்துச் சென்று, அரை மணி நேரமாவது கார்டை ஓட்டச் சொல்லி, கோர், ஹாட்ஸ்பாட், மெமரி ஜங்ஷன் (மெமரி சில்லுகளின் உட்புறச் சூடு) ஆகிய மூன்று வெப்பநிலைகளையும் பாருங்கள். கடையில் எனக்குக் காட்டப்பட்டது கோர் மட்டும்தான்.

தையும் மாசியும் தொந்தரவில்லாமல் போயின. பங்குனி பாதியில் அறை சூடேறத் தொடங்கியதும் கோளாறும் தொடங்கியது. விளையாட்டைத் தொடங்கி இருபது முப்பது நிமிடம் நொடிக்கு 90 ஃபிரேமில், அதாவது 90 படங்களாக, வழுக்கிக்கொண்டு ஓடும். திடீரென்று 50க்கு விழும். சில நொடிகள் தத்தளித்துவிட்டுத் திரும்ப 90க்கு ஏறும். திரையின் மூலையில் கோர் வெப்பநிலை 74 என்றே இருக்கும். 74 டிகிரி என்பது 3080க்கு எந்த வகையிலும் அபாயமல்ல. என்விடியா அறிவித்திருக்கும் உச்சவரம்பு 93. அதனால் கார்டின் மீது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உள்ளூர்க் கடையில் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள், ராமைச் சோதித்தார்கள், 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். ஏசி ஓடும் அவர்களுடைய கடையில் கணினி ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்த அன்று இரவே பழைய கதை. நான் இல்லாததைச் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று அவர்கள் நினைக்கத் தொடங்கியது எனக்குப் பெரும் வேதனையாக இருந்தது.

ஹெச்டபிள்யூஇன்ஃபோவை நிறுவி, விளையாட்டைப் பின்னணியில் ஓடவிட்டு, பட்டியலில் மெமரி ஜங்ஷன் என்ற வரியைப் பார்த்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. 104, 106, 108 என்று ஏறிய எண் 110இல் வந்து அப்படியே நின்றது. அது நின்ற அதே கணத்தில் ஃபிரேம்கள் விழுந்தன. 110 டிகிரிதான் அந்த மெமரிக்கு வைக்கப்பட்ட எல்லை. அதைத் தொட்டதும் கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது, சற்று ஆறியதும் மறுபடி ஏற்றுகிறது. அறை வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் கார்டின் எல்லா வெப்பநிலைகளும் ஏறத்தாழ ஒரு டிகிரி கூடும் என்பது எளிய கணக்கு. தை மாத இரவில் 25 டிகிரி அறையில் நூறை ஒட்டி நின்றிருந்த மெமரி, 35 டிகிரி அறையில் எல்லையில் முட்டியது. அதாவது நான் வாங்கிய அன்றைக்கே பேடுகள் செத்திருந்தன. குளிர்காலம் அதை மூடி மறைத்திருந்தது. கையில் பணம் வைத்துக்கொண்டு மார்கழி, தை மாதங்களில் பழைய கார்டு தேடுகிறவர்கள் இந்த ஒன்றை மறக்க வேண்டாம். கடையில் தெரியும் மெமரி வெப்பநிலையோடு பத்து அல்லது பன்னிரண்டைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கடைக்காரர் கொடுத்த ஒரு வாரச் சோதனைக் காலம் எப்போதோ முடிந்திருந்தது. கார்டைத் தயாரித்த நிறுவனத்தின் வாரண்டி இன்னும் பாக்கி இருந்ததால் சர்வீஸ் மையத்துக்குக் கூரியரில் அனுப்பினேன். முதல் உரிமையாளரின் பில் இல்லாமல் ஏற்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். போக வர 900 ரூபாய் செலவு, இரண்டு வாரக் காத்திருப்பு. பழைய கார்டு வாங்கும்போது ஜிஎஸ்டி எண்ணோடு கூடிய அசல் பில்லைக் கேட்டு வாங்குங்கள். அதில் இருக்கும் சீரியல் எண்ணும் கார்டின் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுவிட்டு, பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்கு ஒரு போன் போட்டு, கார்டு கை மாறினாலும் வாரண்டி செல்லுமா என்று கேட்டுவிடுங்கள். பில் இல்லாத கார்டுக்கு நான் இன்றைக்கு நான்கில் ஒரு பங்கு விலையைக் குறைத்துத்தான் கேட்பேன்.

வேறு வழியில்லாமல் உள்ளூரில் லேப்டாப் பழுது பார்க்கும் ஒருவரிடம் 1,800 ரூபாய்க்குப் பேடுகளை மாற்றக் கொடுத்தேன். வாங்கி வந்து பார்த்தபோது மெமரி 88க்கு இறங்கியிருந்தது, மனம் குளிர்ந்தது. அந்த மகிழ்ச்சி அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. இப்போது கோர் 79, ஹாட்ஸ்பாட் 105. ஹாட்ஸ்பாட் என்பது சிப்பின் பரப்பில் அந்த நேரத்தில் மிகச் சூடாக இருக்கும் புள்ளி. கோருக்கும் அதற்கும் பத்து முதல் பதினைந்து டிகிரி இடைவெளி இருப்பது இயல்பு. இருபதைத் தாண்டினால் சிப்பின் மேல் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை என்று பொருள். எனக்கு 26 டிகிரி இடைவெளி. அவர் கையில் இருந்த தடித்த பேடுகளைப் போட்டிருக்கிறார். அவை ஹீட்சிங்கைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சிப்பைத் தொடவிடாமல் தூக்கி நிறுத்திவிட்டன. பேடு மாற்றும் வேலையில் பேடின் தரத்தைவிடத் தடிமன்தான் முக்கியம் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் வேண்டிய இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் வைத்தால், எவ்வளவு விலையுயர்ந்த பேடாக இருந்தாலும் சிப் வேகும்.

அதன் பிறகு இன்னொருவரிடம் கொடுக்க மனம் வரவில்லை, நானே திறந்தேன். திறப்பதற்கு முன் கார்டைச் சில நிமிடம் ஓடவிட்டு வெதுவெதுப்பாக்கிக்கொண்டால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் இளகியிருக்கும், ஹீட்சிங்கைப் பிரிக்கும்போது சிப்புக்கு அழுத்தம் வராது. ஃபேன் வயர்களும் விளக்கு வயர்களும் மெல்லியவை என்பதால் ஹீட்சிங்கை முழுவதும் தூக்காமல் புத்தகம் போல லேசாக விரித்து, கனெக்டரை நகத்தால் அசைத்து அசைத்து எடுக்க வேண்டும். உள்ளே பார்த்தபோது சிப்பின் ஒரு மூலையில் பேஸ்ட் வைத்தது வைத்தபடியே, நசுங்காமல் தடித்துக் கிடந்தது. தொடர்பு இல்லாத இடம் அதுதான் என்று கண்ணாலேயே பார்த்துக்கொண்டேன். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் எல்லாவற்றையும் துடைத்தேன். தயாரிப்பாளர்கள் பேடின் தடிமனைப் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. ஒரே மாடலில்கூடத் தொகுதிக்குத் தொகுதி மாறும். ஆகவே பேடைத் தவிர்த்துவிட்டுத் தெர்மல் புட்டி வாங்கினேன். களிமண் போலப் பிசையக்கூடிய அது, எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அவ்வளவுக்கு நசுங்கிக்கொள்ளும் என்பதால் தடிமன் கணக்கே தேவையில்லை. சிப்பைச் சுற்றியிருக்கும் பத்து மெமரி சில்லுகளின் மீதும், மின்சாரப் பகுதியின் மீதும் அதை வைத்தேன். சிப்பின் மேல் சாதாரண பேஸ்டுக்குப் பதிலாக ஹனிவெல் பிடிஎம்7950 என்ற வெப்பம் கடத்தும் தாளை ஒட்டினேன். திறந்த சிப்பின் மேல் தடவிய நீர்த்த பேஸ்ட், சூடாகி ஆறிச் சூடாகி ஆறி, சில மாதங்களில் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். 45 டிகிரியை ஒட்டி இளகும் இந்தத் தாள் அப்படி நகராது. ஒட்டுவதற்கு முன் சிறிது நேரம் ஃபிரிட்ஜில் வைத்தெடுத்தால் மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை கிழியாமல் வரும். சிப்பைச் சுற்றியுள்ள நான்கு ஸ்பிரிங் திருகுகளை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். புட்டி, தாள், ஆல்கஹால் எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய் ஆனது. 34 டிகிரி அறையில் முழு வேகத்தில் கோர் 73, ஹாட்ஸ்பாட் 85, மெமரி 90 என்று வந்தது.

சூட்டுப் பிரச்சினை தீர்ந்ததும் மறைந்திருந்த அடுத்த கோளாறு வெளியே வந்தது. வேகம் தடைபடாமல் முழு 320 வாட்டையும் கார்டு இழுக்கத் தொடங்கியதும், கனமான காட்சிகளில் கணினி முன்னறிவிப்பில்லாமல் அணைந்து மீண்டும் தொடங்கியது. நீலத் திரையும் வரவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற பதிவு மட்டும்; கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். கார்டு போய்விட்டது என்று ஒரு கடையில் கையை விரித்தார்கள். அதை நம்பி விற்றிருந்தால் பெரும் நஷ்டமாகியிருக்கும். கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மீது சந்தேகம் இருந்தால், செலவில்லாமல் உறுதி செய்யும் வழி ஒன்று இருக்கிறது: கார்டின் வேகத்தையும் மின்செலவையும் மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 70 சதவீதமாகக் குறைத்துவிட்டு அதே காட்சியை ஓட்டிப் பாருங்கள். அணைவது நின்றுவிட்டால் கோளாறு மின்சாரம் கொடுக்கும் பக்கத்தில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு நின்றது. 3080 சராசரியாக 320 வாட் இழுத்தாலும், மில்லி நொடிகளுக்கு அதைவிட வெகுவாக உயர்ந்த உச்சங்களைத் தொடும். என் பழைய 650 வாட் எஸ்எம்பிஎஸ் அந்த உச்சத்தை ஷார்ட் என்று நினைத்துத் தன்னை அணைத்துக்கொண்டிருந்தது. என்விடியா இந்தக் கார்டுக்குப் பரிந்துரைப்பது 750 வாட். 10,200 ரூபாய் கொடுத்து 850 வாட் கோல்டு தர எஸ்எம்பிஎஸ் போட்டேன். கார்டின் இரண்டு 8 பின் இணைப்புகளுக்கும் ஒரே வயரின் இரட்டைத் தலையைச் செருகாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனி வயர்களைக் கொண்டுவந்தேன். புதிய தலைமுறைக் கார்டுகளில் வரும் 16 பின் கனெக்டரை, இடைவெளியே தெரியாத அளவுக்கு முழுவதும் உள்ளே அழுத்திவிட்டு, வயரைக் கனெக்டரின் கழுத்திலேயே மடக்காமல் விட வேண்டும். 2022 இறுதியில் 4090 கார்டுகளில் கனெக்டர் உருகியதாகப் பரவலாகப் பேசப்பட்டபோது, முழுவதும் செருகாமல் விட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

மின்சாரம் பற்றிப் பேசும்போது நம் வீடுகளுக்கே உரிய இரண்டு விஷயங்களையும் சொல்ல வேண்டும். கடையில் 600 விஏ என்று விற்கப்படும் சாதாரண யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட் மட்டுமே. இப்படிப்பட்ட கார்டு உள்ள கணினி விளையாடும்போது 500 வாட்டை நெருங்கும். கரண்ட் போனதும் யுபிஎஸ் அலறிவிட்டுத் தானும் அணையும். விஏ எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று எர்த். கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறுகிறதென்றால் அந்த பிளக்கில் எர்த் வேலை செய்யவில்லை. பழைய வீடுகளில் மூன்றாவது துளை பேருக்கு இருக்கும், வயர் இருக்காது. விலையுயர்ந்த கார்டு வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரி செய்துவிடுவது கார்டுக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

கேபினெட் காற்றோட்டத்தைச் சோதிக்க நான் செய்தது மிக எளிமையானது. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கக் கதவைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தேன். கோர் வெப்பநிலை 8 டிகிரி விழுந்தது. ஐந்து டிகிரிக்கு மேல் விழுந்தால் கேபினெட் மூச்சுத் திணறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். என்னுடையது முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட அழகான கேபினெட். காற்று நுழைய ஓரத்தில் ஒரு விரல் இடுக்குத்தான் இருந்தது. வலை போட்ட முன்தகடும் இரண்டு 140 மில்லிமீட்டர் ஃபேன்களும் 2,400 ரூபாய்க்குக் கிடைத்தன. ஆனாலும் காற்றோட்டம் செய்வது சூட்டைக் கார்டிலிருந்து அறைக்கு மாற்றுவது மட்டுமே. மூடிய சிறு அறையில் 500 வாட் ஹீட்டரை மணிக்கணக்கில் எரியவிட்டால் என்னாகுமோ அதுதான் நடக்கிறது. நள்ளிரவுக்குள் அறை மூன்று நான்கு டிகிரி ஏறும், அந்தச் சூடான காற்றையே கார்டு மறுபடி உறிஞ்சும். இதற்கு ஃபேனால் தீர்வு கிடையாது. மின்செலவையே குறைத்தாக வேண்டும்.

அங்கேதான் அண்டர்வோல்ட், அதாவது சிப்புக்குக் கொடுக்கும் வோல்டேஜைக் குறைப்பது, வருகிறது. நம் ஊர் வெயிலில் ஓவர்கிளாக் செய்ய, அதாவது கார்டை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்ட, நினைப்பவர் தொடங்க வேண்டிய இடமும் இதுவே என்பது என் உறுதியான கருத்து. சிப்பின் மின்செலவு வேகத்துக்கு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் ஏறும். எல்லாச் சிப்புகளும் ஓட வேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளர் தேவைக்கு மேலாகவே வோல்டேஜ் வைத்து அனுப்புவார். ஒரு வோல்ட்டிலிருந்து 0.875 வோல்ட்டுக்கு இறக்கினால், வேகம் மாறாவிட்டாலும் கோரின் செலவில் கால் பங்குக்கு நெருக்கமாகக் குறையும். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோல், எஃப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வோல்டேஜ் வளைகோடு திறக்கும். நான் 875 மில்லிவோல்ட் புள்ளியை 1860 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, அதற்கு வலப்பக்கம் இருக்கும் புள்ளிகள் எல்லாவற்றையும் அதே உயரத்தில் தட்டையாக்கினேன். 320 வாட் இழுத்த கார்டு 250 வாட்டுக்கு வந்தது. ஃபிரேம் குறைந்தது நூற்றுக்கு இரண்டு. அதன் பிறகு கோர் 65, ஹாட்ஸ்பாட் 77, மெமரி 82. தினமும் நான்கு மணி நேரம் விளையாடுகிறவருக்கு இந்த 70 வாட், இரண்டு மாத மின் கணக்கில் ஏறத்தாழ 17 யூனிட். 500 யூனிட்டின் விளிம்பில் நிற்கும் வீட்டில் அது கட்டண விகிதத்தையே மாற்றும். ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்களுக்கு அட்ரினலின் மென்பொருளிலேயே வோல்டேஜைக் குறைக்கும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு சிப்பும் வேறு என்பதால் என் எண்களை அப்படியே போடாதீர்கள். 900 மில்லிவோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்குங்கள். ஒளியைத் தத்ரூபமாகக் கணக்கிட்டுக் காட்டும் ரே டிரேசிங் உள்ள விளையாட்டை ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் நிலையாகிவிட்டது என்று நம்பாதீர்கள். சோதனை மென்பொருளில் தேறிய அமைப்பு அங்கே டிரைவரோடு விழுவதை நான் பல தடவை பார்த்துவிட்டேன்.

ஓவர்கிளாக்கையும் முயன்றேன். பவர் லிமிட்டை உச்சத்துக்கு ஏற்றி, கோருக்கு 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் கூட்டியபோது கிடைத்தது நான்கு சதவீத ஃபிரேம். அதற்குக் கொடுத்த விலை 40 வாட். சித்திரை, வைகாசியில் இதற்குப் பொருளே இல்லை. என்விடியா கார்டுகள் வெப்பநிலை ஏற ஏறக் கோர் வேகத்தை 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாகத் தாமாகவே இறக்கிக்கொள்ளும். சூட்டைக் குறைத்தாலே அந்தப் படிகள் திரும்பக் கிடைக்கின்றன. மெமரி ஓவர்கிளாக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜிடிடிஆர்6எக்ஸ் கார்டுகளில் எல்லையைத் தாண்டினாலும் திரையில் புள்ளிகளோ கோடுகளோ வராது. பிழையைக் கண்டுபிடித்துத் தரவை மறுபடி அனுப்பிக்கொள்ளும் ஏற்பாடு இருப்பதால், எண் ஏறும், ஃபிரேம் இறங்கும். ஆஃப்டர்பர்னரில் 500 கூட்டியபோது எனக்கு வேகம் ஏறியது, 900 கூட்டியபோது 500ஐவிடக் குறைந்தது. ஒவ்வொரு நூறுக்கும் மதிப்பெண்ணை எழுதி வைத்து, அது ஏறுவதை நிறுத்தும் இடத்துக்குச் சற்று முன்பே நின்றுகொள்ள வேண்டும். விண்டோஸ் தொடங்கும்போதே அமைப்பைப் பொருத்தும் பொத்தானை, சில நாட்கள் நிலையாக ஓடிய பிறகே அழுத்துங்கள். இப்போது என்னிடம் இரண்டு புரொஃபைல்கள் இருக்கின்றன. கோடைக்கு மெமரியைத் தொடாத அண்டர்வோல்ட். கார்த்திகை முதல் மாசி வரை அதே அண்டர்வோல்ட்டோடு மெமரிக்கு 500.

செலவையெல்லாம் கூட்டினால் கார்டு 40,000, மற்றவை 19,900. அதே 2023 ஏப்ரலில் ஆர்டிஎக்ஸ் 4070 அறுபதாயிரத்தை ஒட்டிய விலைக்கு வெளிவந்தது. 3080க்கு நிகரான வேகம், 12 ஜிபி மெமரி, 200 வாட் மட்டுமே, முழு வாரண்டி. எஸ்எம்பிஎஸ்ஸும் கேபினெட் மாற்றமும் இன்னும் பல ஆண்டுக்கு உழைக்கும் என்றாலும், இந்த ஒப்பீடு இன்றும் மனத்தை உறுத்துகிறது. ஏசி இல்லாத அறைக்குக் கார்டு வாங்குகிறவர், விலைக்கு இத்தனை ஃபிரேம் என்ற கணக்கோடு வாட்டுக்கு இத்தனை ஃபிரேம் என்ற கணக்கையும் சேர்த்தே போடட்டும். புதிதாக வாங்கும்போது ஒரே சிப்பைப் பல நிறுவனங்கள் விற்கும். ஓசி (ஓவர்கிளாக்) என்று பெட்டியில் போட்டிருப்பதற்காக இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம், அந்த வித்தியாசம் இரண்டு மூன்று சதவீதத்தைத் தாண்டுவது அரிது. அந்தப் பணத்தைத் தடித்த ஹீட்சிங்க் உள்ள மாடலுக்குக் கொடுங்கள். கார்டின் நீளத்தைக் கேபினெட்டில் அளந்து பார்த்துவிட்டு, முன்பக்க ஃபேனின் தடிமனையும் அதில் கழித்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பாக நான் செய்வது இரண்டு வேலைகள். ஆடிக் காற்று அடங்கியதும் ஒரு முறை, தை பிறந்ததும் ஒரு முறை ப்ளோயரால் தூசியை ஊதி எடுக்கிறேன். அப்போது ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்றின் வேகத்தில் கட்டுமீறிச் சுற்றினால் பேரிங் கெடும். மாதத்துக்கு ஒரு தடவை ஒரே விளையாட்டின் ஒரே காட்சியை அரை மணி நேரம் ஓட்டி, அறை வெப்பநிலையோடு மூன்று எண்களையும் குறித்து வைக்கிறேன். கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் உள்ள இடைவெளி இன்னும் 12 டிகிரியில்தான் இருக்கிறது. அது 20ஐத் தொட்டால் மறுபடி திறந்து தாளை மாற்றுவேன்.